கேச் கோப்புகளை எந்த டிரைவில் வைப்பது?

போன ஆவணியில், எங்கள் தெருவில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் தம்பி ஒருவர் இரவு பத்து மணிக்குப் போன் செய்தார். "அண்ணே, சி டிரைவ் ஃபுல்லா செவப்பாயிருச்சு. எடிட்டிங் பாதியில நின்னு போச்சு. காலையில பார்ட்டிக்கு ஹைலைட்ஸ் குடுக்கணும். டெஸ்க்டாப்ல போன மாசக் கல்யாணத்தோட ஒரிஜினல் அறுபது ஜிபி கெடக்கு. அத அழிச்சிரட்டுமா?"

"எதையும் தொடாதீங்க, இப்ப வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அவருடைய சி டிரைவ் 240 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பான். விண்டோஸ் கணக்கில் அது 223 ஜிபி என்று காட்டும். அதில் மிச்சம் இருந்தது 300 எம்பி. பக்கத்தில் டி டிரைவ், 4 டிபி ஹார்ட் டிஸ்க், பாதிக்கு மேல் காலி. சி டிரைவுக்குள் ஒவ்வொரு கோப்புறையாக அளவு பார்த்துக்கொண்டே போனோம். பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா என்று ஒன்று மறைந்திருக்கும். அதற்குள் எடிட்டிங் மென்பொருளின் பெயரில் ஒரு கோப்புறை, அதன் அடியில் மீடியா கேச். அளவு 96 ஜிபி.

"இதுல ஒண்ணு கூட நீங்க எடுத்தது இல்ல தம்பி. சாஃப்ட்வேர் தன் வசதிக்கு எழுதி வச்சுக்கிட்டது. அழிச்சா மறுபடி அதுவே எழுதிக்கும். அந்த அறுபது ஜிபி போச்சுன்னா திரும்பத் தாலி கட்டச் சொல்ல முடியுமா?"

அன்றைக்கு ஹைலைட்ஸ் முடிந்தது. ஆனால் அவர் அந்த ஒரிஜினலை அழிக்கும் நிலைக்கு வந்தது எனக்கு இன்னும் மனதை உறுத்துகிறது. திரும்பக் கிடைக்காத ஒன்றை அழித்துவிட்டு, திரும்பக் கிடைக்கக்கூடிய ஒன்றைக் காப்பாற்றியிருப்பார். கேச் என்றால் என்ன, அதை எங்கே வைக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அஞ்சறைப்பெட்டியும் பரணும்

வீட்டில் மிளகாய்த்தூள் எங்கே இருக்கிறது? அரைத்து வந்த மூன்று கிலோவும் பெரிய டப்பாவில், பரண் மேல். தாளிக்கும்போது கை போவது அதற்கு இல்லை, அடுப்பு ஓரத்தில் இருக்கும் அஞ்சறைப்பெட்டிக்கு. பெட்டியில் இருப்பது பரணில் இருப்பதன் ஒரு பங்குதான். பெட்டி கவிழ்ந்து கொட்டிவிட்டால் எரிச்சல் வரும், ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவை இறக்க வேண்டும். ஆனால் வீட்டில் மிளகாய்த்தூளே இல்லாமல் போய்விடாது. கேச் என்பது அந்த அஞ்சறைப்பெட்டி. வேறு எங்கோ பத்திரமாக இருக்கும் ஒன்றின் நகல், அல்லது இருக்கும் பொருளை வைத்து மறுபடி செய்துகொள்ளக்கூடிய ஒன்று, கைக்கு எட்டும் தூரத்தில்.

இந்த யோசனை பழையது. 1965இல் பிரிட்டிஷ் கணினி விஞ்ஞானி மாரிஸ் வில்க்ஸ் பெரிய, மெதுவான நினைவகத்துக்கு முன்னால் சிறிய, வேகமான நினைவகம் ஒன்றை வைக்கலாம் என்று எழுதினார். 1968இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85 கணினியில் அது நடைமுறைக்கு வந்தது, கேச் என்ற பெயரும் அதோடு நிலைத்தது. மறைத்து வைப்பது என்ற பொருள் கொண்ட பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அன்றைக்குச் சிப்புக்குப் பக்கத்தில் செய்ததைத்தான் இன்றைக்கு பிரவுசர், எடிட்டிங் மென்பொருள், போன் ஆப் எல்லாம் கோப்புகளைக் கொண்டு செய்கின்றன.

தற்காலிகக் கோப்பு என்று இன்னொரு இனம் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். தற்காலிகக் கோப்பு என்பது காய் நறுக்கி வைத்த தட்டு. சமையல் முடியும் வரை வேண்டும், முடிந்ததும் கழுவிக் கவிழ்த்துவிடலாம். ஆனால் சமையல் நடக்கும்போது தட்டை யாராவது எடுத்துப் போய்விட்டால் குழம்பு கெட்டுவிடும். ஜிப் கோப்பை விரிக்கும்போதும், மென்பொருளை நிறுவும்போதும் உருவாகும் கோப்புகள் இந்த வகை. கேச் எப்போது போனாலும் வேலை மெதுவாகும், அவ்வளவுதான். தற்காலிகக் கோப்பு பாதி வேலையில் போனால் அந்த வேலையே போகும். ஆகவே இவை சேரும் டெம்ப் கோப்புறையைச் சுத்தம் செய்வதாக இருந்தால் எல்லா மென்பொருளையும் மூடிவிட்டுச் செய்யுங்கள். கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுச் செய்தால் இன்னும் நல்லது.

வேகக் கணக்கு

கணினி ஓடும்போது மட்டும் தரவைத் தாங்கும் நினைவகமான ரேமில் இருக்கும் ஒன்றை எடுக்கச் சுமார் 100 நானோ நொடி ஆகும். எஸ்எஸ்டியிலிருந்து எடுக்கச் சுமார் 100 மைக்ரோ நொடி. சுழலும் ஹார்ட் டிஸ்கில் சுமார் 10 மில்லி நொடி. இந்த எண்களைப் பார்த்தால் எல்லாமே கண் இமைப்பதை விடக் குறைவாகத் தெரியும், வித்தியாசம் மனதில் நிற்காது. ரேமுக்கு ஒரு நொடி என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதே கணக்கில் நீட்டிப் பாருங்கள். எஸ்எஸ்டிக்கு 17 நிமிடம் ஆகும். ஹார்ட் டிஸ்குக்கு 28 மணி நேரம், அதாவது ஒரு நாளுக்கும் மேல்.

ஹார்ட் டிஸ்க் இவ்வளவு பின்தங்குவதற்குக் காரணம் உள்ளே நிஜமாகவே ஒரு தட்டு சுற்றுவதுதான். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. வேண்டிய இடம் படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் முனையும் நகர்ந்து சரியான வளையத்துக்குப் போயிருக்க வேண்டும். ஒரே பெரிய கோப்பை நேராகப் படித்துக்கொண்டே போனால் இந்தக் காத்திருப்பு ஒருமுறையோடு முடிந்துவிடும். கேச்சோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் முனை ஓட வேண்டும்.

வேகம் ஒன்றுதான் முக்கியம் என்றால் எல்லாக் கேச்சையும் ரேமிலேயே வைத்துவிடலாமே என்று தோன்றும். லினக்ஸில் அதற்கு வழியும் இருக்கிறது. டெம்ப்எஃப்எஸ் என்பது கோப்புறை போலத் தெரியும், ஆனால் உள்ளே போட்டதெல்லாம் ரேமில் இருக்கும். லினக்ஸ் வகைகளில் ஃபெடோரா 2013இல் வந்த 18ஆம் பதிப்பிலிருந்தும், டெபியன் 2025இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்தும் டெம்ப் கோப்புறையை இயல்பாகவே இப்படி வைக்கின்றன. சின்னக் கோப்புகளுக்கு அருமையான ஏற்பாடு. எழுதுவதும் அழிப்பதும் வேகம், பெரும்பாலும் டிஸ்கைத் தொடாது, கணினியை அணைத்தால் தானாகச் சுத்தமாகிவிடும்.

சிக்கல் பெரிய கோப்புகளில் வரும். அளவு எதையும் குறிப்பிடாமல் ஒரு டெம்ப்எஃப்எஸ்ஸை உருவாக்கினால் அது மொத்த ரேமில் பாதி வரை வளரலாம். 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் 4 ஜிபி. அதில் 3 ஜிபிக்கு ஒரு வீடியோவை இறக்கி வைத்தால் பிரவுசருக்கும் மற்றதற்கும் மிஞ்சுவது 5 ஜிபி. கணினி திணறும், அதை டிஸ்க் கோளாறு என்று நினைத்துக்கொண்டு நாம் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்போம். இதற்காகவே லினக்ஸில் இன்னொரு தற்காலிக இடம் உண்டு. வேரியபிள் என்பதன் சுருக்கமான 'வார்' கோப்புறைக்குள் ஒரு டெம்ப். அது டிஸ்கில் இருக்கும், ரீஸ்டார்ட் செய்தாலும் கோப்புகள் தங்கும். பல லினக்ஸ்களில் பின்னணி வேலைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருளின் இயல்பான அமைப்பில் முதல் டெம்ப்பில் 10 நாளாகத் தொடாமல் கிடப்பது அழிக்கப்படும், வார் டெம்ப்பில் 30 நாள். பெரியது, கொஞ்ச நாள் இருக்க வேண்டியது என்றால் இரண்டாவதுதான் சரியான இடம்.

சரி, எஸ்எஸ்டியில் வைக்கலாம். உடனே ஒரு பயம் வரும்: எழுதி எழுதி எஸ்எஸ்டி தேய்ந்துவிடாதா? இந்தப் பயத்தில் கேச்சை ஹார்ட் டிஸ்குக்கு மாற்றியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 ஜிபி எஸ்எஸ்டிகளில் பலவற்றுக்கு 150 டிபி எழுதும் வரை தயாரிப்பாளர் உத்தரவாதம் தருகிறார். நாளுக்கு 20 ஜிபி கேச் எழுதினால் வருடத்துக்கு 7.3 டிபி. 150 டிபியைத் தொட இருபது வருடம் ஆகும். வீட்டுக் கணினியில் தினம் 20 ஜிபி கேச் எழுதுவதே அரிது. தேய்மானத்துக்குப் பயந்து கேச்சை ஹார்ட் டிஸ்குக்கு அனுப்புவது, தேய்ந்துவிடும் என்று புதுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் நடப்பதைப் போலத்தான். எஸ்எஸ்டியை வாங்கியதே இந்த மாதிரி வேலைக்குத்தான்.

எந்த இடம் ஏற்கெனவே இருக்கிறது

நாம் தலையிடாவிட்டாலும் ஒவ்வொரு இயங்குதளமும் கேச்சுக்கு ஒரு வீடு ஒதுக்கியிருக்கிறது. விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல் என்றும் ரோமிங் என்றும் இரண்டு பிரிவுகள். அலுவலகங்களில் ஊழியர் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவருடைய அமைப்புகள் கூடவே வரும்படி செய்யலாம். அப்படிக் கூட வருவது ரோமிங். கேச் லோக்கலில்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் லாகின் செய்யும்போது ஜிபி கணக்கில் குப்பையும் நெட்வொர்க் வழியாகப் பயணம் செய்யும். மேக்கில் லைப்ரரிக்குள் கேச்சஸ். லினக்ஸில் ஹோம் கோப்புறைக்குள், புள்ளியில் தொடங்கும் பெயருடன் மறைந்திருக்கும் கேச் கோப்புறை. எல்லோருக்கும் பொதுவான கேச் வார் கோப்புறைக்குள் இருக்கும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில், மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் இறக்கும் பொதிகள் அங்கேதான் வந்து இறங்கும்.

இந்தப் பொதுக் கேச்சுக்கு லினக்ஸ் கோப்பு அடுக்கின் தர நிர்ணயம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: இங்கே இருப்பதை எப்போது அழித்தாலும் மென்பொருள் மறுபடி உருவாக்கிக்கொள்ள முடிய வேண்டும், தரவு இழப்பு இருக்கக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. ஒரு கோப்பை எங்கே வைப்பது என்று சந்தேகம் வந்தால் இந்த விதியைத்தான் நான் கேள்வியாக மாற்றிக் கேட்பேன். இது இந்த நிமிடம் காணாமல் போனால் என்ன ஆகும்? "கொஞ்ச நேரம் காத்திருப்பேன்" என்றால் கேச், கேச்சுக்கான இடத்தில் இருக்கட்டும். "ஐயோ" என்றால் அது கேச் இல்லை, அதற்குரிய இடம் வேறு.

போனிலும் இதே பிரிவு உண்டு. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்புக்கும் கேச் என்று தனி இடம். போனில் இடம் தீரும்போது ஆண்ட்ராய்டே அதிலிருந்து எடுத்து அழித்துவிடும், நம்மைக் கேட்காது. ஆப் அமைப்பில் கிளியர் கேச், கிளியர் ஸ்டோரேஜ் என்று இரண்டு பட்டன்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். முதலாவது அஞ்சறைப்பெட்டியைக் கவிழ்ப்பது. இரண்டாவது பரணையும் சேர்த்துக் காலி செய்வது. லாகின், அமைப்புகள், ஆப்புக்குள் இறக்கி வைத்தவை எல்லாம் போய்விடும். விரல் தவறாமல் அழுத்துங்கள்.

இன்னொரு விஷயம், யார் கண்ணில் படும் என்பது. அஞ்சல் மென்பொருளில் வந்த ஒரு பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தாலே அதன் நகல் தற்காலிகக் கோப்புறையில் இறங்கிவிடும். நெட் சென்டரில் ஆதார் அட்டையையோ மார்க் ஷீட்டையோ பிரின்ட் எடுத்துவிட்டு எழுந்து வருகிறோம், நகல் அங்கேயே இருக்கிறது. பிரைவேட் விண்டோவில் திறந்தாலும் முழுத் தீர்வு இல்லை. ஜன்னலை மூடியதும் அதன் கேச் போய்விடும், ஆனால் டவுன்லோட் ஆன கோப்பு டவுன்லோட்ஸ் கோப்புறையில் அப்படியே கிடக்கும். எழுவதற்கு முன் டவுன்லோட்ஸையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். பலர் பயன்படுத்தும் கணினியில் பொது டெம்ப் கோப்புறையை நம்பி ரகசியம் எதையும் வைக்கக் கூடாது. லினக்ஸின் பொது டெம்ப்பில் ஒருவர் கோப்பை மற்றவர் அழிக்க முடியாதபடி தடை இருக்கிறது. ஆனால் படிக்க முடியுமா என்பது கோப்பை உருவாக்கிய மென்பொருள் அதற்கு என்ன அனுமதி கொடுத்தது என்பதைப் பொறுத்தது.

தம்பியின் கணினிக்கு என்ன செய்தோம்

முதலில் அவர் கேட்டது, "டி டிரைவ் அவ்ளோ காலியா இருக்கே, அங்க மாத்திரலாமாண்ணே?" இயல்பான கேள்விதான். ஆனால் கல்யாண வீடியோ ஒரிஜினல்கள் படிக்கப்படுவது அதே டி டிரைவிலிருந்து. எடிட் செய்யும்போது மென்பொருள் ஒரிஜினலையும் படிக்கும், கேச்சையும் படிக்கும், கேச்சில் எழுதவும் செய்யும். ஒரே முனை மூன்று வேலைக்கும் மாறி மாறி ஓடும். டைம்லைனை இழுத்தால் படம் விக்கி விக்கி வரும். சி டிரைவிலேயே விட்டால் வேகம் இருக்கும், இடம் இருக்காது. அதை விடப் பெரிய ஆபத்து, சி டிரைவ் நிரம்பினால் எடிட்டிங் மட்டும் நிற்காது, விண்டோஸே தடுமாறும். கேச் வீங்கும் தன்மை கொண்டது. வீங்கும் ஒன்றை இயங்குதளத்தோடு ஒரே அறையில் நெருக்கிப் பூட்டக் கூடாது.

அவருடைய கணினிக்குள் இன்னொரு எஸ்எஸ்டி பொருத்த இடம் இருந்தது. கேச்சுக்கென்று தனியாக 500 ஜிபியில் ஒன்று வாங்கிப் போட்டோம். சி டிரைவில் இயங்குதளமும் மென்பொருளும், டி டிரைவில் ஒரிஜினல், புதிய டிரைவில் கேச் மட்டும். அது ஒரு நாள் செத்துப் போனாலும் எந்தக் கல்யாணமும் தொலையாது. யூஎஸ்பி பென்டிரைவ் போதாதா என்றும் கேட்டார். போதாது. சின்னக் கோப்புகளை எழுதுவதில் பென்டிரைவ் மிக மெதுவு. அதோடு, ஒருநாள் அதைச் செருகாமல் மென்பொருளைத் திறந்தால் கேச் கோப்புறை எங்கே என்று அது தேடும்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றோடு இணைந்த கோப்புறைக்குள்ளும் கேச்சை வைக்க வேண்டாம். நொடிக்கு நொடி மாறும் ஆயிரம் கோப்புகளை அது மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும், உங்கள் டேட்டாவும் தீரும். பேக்கப் எடுக்கும்போதும் கேச்சை விட்டுவிடலாம். நல்ல பேக்கப் மென்பொருள்கள் பலவற்றில் அதற்கு வசதி இருக்கிறது.

இடம் மாற்றும்போது கோப்புறையைக் கட் செய்து வேறிடத்தில் பேஸ்ட் செய்வது வழி இல்லை. மென்பொருள் பழைய முகவரியையே தேடும், அங்கே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு மறுபடி நிரப்பத் தொடங்கும். அந்த மென்பொருளின் அமைப்புக்குள் போய் கேச் இருப்பிடம் என்ற இடத்தில் மாற்ற வேண்டும். எடிட்டிங் மென்பொருள்களில் அநேகமாக எல்லாவற்றிலும் இது உண்டு. இத்தனை நாளுக்கு மேல் பழையதை அழி, இத்தனை ஜிபியைத் தாண்டாதே என்ற வரம்புகளும் பலவற்றில் இருக்கும். தம்பிக்கு 200 ஜிபி வரம்பு வைத்துக் கொடுத்தேன். விண்டோஸின் பொதுவான டெம்ப் இடத்தை மாற்ற வேண்டுமானால் ஸ்டார்ட் மெனுவில் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் என்று தேடி, டெம்ப், டிஎம்பி என்ற இரண்டின் மதிப்பையும் மாற்றலாம். லினக்ஸில் பயனரின் கேச் இடத்தை மாற்ற எக்ஸ்டிஜி கேச் ஹோம் என்ற மாறி இருக்கிறது.

இதையெல்லாம் எல்லோரும் செய்ய வேண்டுமா? வேண்டாம். ஒரே எஸ்எஸ்டி உள்ள சாதாரண மடிக்கணினியில் பிரவுசர் கேச்சைத் தொடவே வேண்டாம், அதன் வரம்பை அதுவே பார்த்துக்கொள்ளும். வாரா வாரம் அழித்துக்கொண்டிருப்பதும் தேவையில்லாத வேலை. அழித்த மறுநிமிடம் பார்த்த பக்கங்களையே மறுபடி இறக்கும். டெம்ப் விஷயம் வேறு. விண்டோஸில் ரீஸ்டார்ட் செய்தால் டெம்ப் தானாகக் காலியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி ஆவதில்லை. வேலை முடிந்ததும் அந்தந்த மென்பொருள்தான் தன் குப்பையை எடுக்க வேண்டும், பல மென்பொருள்கள் விட்டுவிட்டுப் போய்விடும். அமைப்புகளில் ஸ்டோரேஜ் சென்ஸை இயக்கி வைத்தால் அது பார்த்துக்கொள்ளும்.

மாற்றிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது, பலரும் மறப்பது. மென்பொருளை மூடித் திறந்து, பத்து நிமிடம் வேலை செய்துவிட்டு, புதிய கோப்புறையைத் திறந்து பாருங்கள். கோப்புகள் வந்து விழுகின்றனவா, தேதியும் நேரமும் இப்போதையதா? தம்பியின் கணினியில் முதல் பிராஜெக்ட் திறக்கும்போது கேச் முழுவதும் புதிதாக உருவாக வேண்டியிருந்ததால் வெகு நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. பயந்து நிறுத்தப் போனார், விடுங்கள் என்றேன். இரண்டாம் முறை திறந்தபோது உடனே வந்தது. அதற்குப் பிறகுதான் ஆப்டேட்டாவுக்குள் கிடந்த பழைய 96 ஜிபியை அழித்தோம்.